நெருப்பில் சுட்ட ஊசி

அத்தியாயம் பதினான்கு

செவ்வாய்ப்பேட்டைப் பல் ஆஸ்பத்திரியில் போன வெள்ளிக்கிழமை நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு வருஷமாகத் தங்கை வீட்டுப் படியை மிதிக்காத ஜேடர்பாளையத்துச் செங்கோடன், முன்பல் வலி பொறுக்க மாட்டாமல் சேலத்துக்கு பஸ் ஏறி வந்து, தங்கை புருஷன் அர்த்தநாரியின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்தார். எருதின் கொம்பு பட்டுச் செத்துப்போன பல் அது. வேருக்குள் அழுகிக் கிடந்த நரம்பை எடுக்க அர்த்தநாரி ஊசியை விட்டான். உடம்பெல்லாம் பொடி முள் வைத்த, மயிரிழை போன்ற அந்த ஊசி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றியதும் ஒடிந்தது. பிடி கையில் நின்றது, நுனி பல்லுக்குள் தங்கிவிட்டது.

ஒடிந்த விஷயம் அர்த்தநாரி ஒருவனுக்குத்தான் தெரியும். மச்சானிடம் சொல்லவில்லை. மனைவி பெருமாயியிடமும் சொல்லவில்லை. டிங்சர் அயோடினில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, மேலே வெள்ளைப் பசையை அடைத்து, "நாலு நாள் கழிச்சு வாங்க மச்சான், மருந்து மாத்தோணும்" என்று அனுப்பிவிட்டான். இத்தனைக்கும் கல்கத்தாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவன். வாயைத் திற, வாயைத் திற என்று ஊரையே அதட்டுகிறவனுக்குத் தன் வாயைத் திறக்க மட்டும் தெம்பு வரவில்லை.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நாலு நாள் முடிந்துவிட்டது.

*

காலையில் காபி கேட்பதற்காக அர்த்தநாரி சமையலறைக்குள் தலையை நீட்டினான். பெருமாயி அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பாத்திரம் எதுவும் இல்லை. கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில் ஏதோ செக்கச்செவேலென்று மின்னியது.

"அது என்ன கையில?"

பெருமாயி திடுக்கிட்டு இடுக்கியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். பழுக்கக் காய்ந்த இரும்பை முந்தானைக்குள் மறைக்கப் போனவள் சேலம் ஜில்லாவில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஊசிங்க. அண்ணன் வாராரில்லீங்களா, அதான் சித்த நெருப்புல காட்டி எடுக்கறேன்."

"நாந்தான் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து வெச்சிருந்தேனே?"

"தண்ணியில எச்சில் போகுமுங்களா? யார் யார் வாய்க்குள்ளயோ போய்ட்டு வந்த ஊசி. நெருப்புல காட்டினாத்தானுங்களே சுத்தம்?"

பெருமாயி பிறந்த வீட்டில் அப்படித்தான். வாய் வைத்துக் குடித்த வெண்கலச் சொம்பை அவள் அம்மா தணலில் புரட்டி எடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டாள். அந்த வீட்டு மூத்த பிள்ளைதான் செங்கோடன். அர்த்தநாரி ஆஸ்பத்திரி திறந்த அன்று, "காடு தோட்டம் உள்ளவன் கண்டவன் வாய்க்குள்ள கைய உட்டுத்தான் பொழைக்கோணுமா? இது எச்சப் பொழப்பு" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோதும் ஆஸ்பத்திரி அறையோடு திரும்பிவிட்டார். அடுத்த கதவைத் தாண்டினால் தங்கை வீடு. தாண்டவில்லை.

அர்த்தநாரி மெதுவாகக் கேட்டான். "எப்ப இருந்து இந்த வேலை?"

"வெள்ளிக்கெழமதானுங்க மொத மொதல்ல. அண்ணன் கேப்பாருன்னு தெரியும். அதே மாதிரி கேட்டாரே!"

கேட்டது உண்மைதான். வாயைத் திறப்பதற்கு முன்னால் செங்கோடன் கேட்ட முதல் கேள்வி அது. "இந்த ஊசி இன்னொருத்தன் வாயில போனதா?" அர்த்தநாரி பதில் தேடுவதற்குள் பெருமாயி முந்திக்கொண்டாள். "இல்லீங்கண்ணா, உங்களுக்குன்னே புதுசா எடுத்தது!" அர்த்தநாரி மறுக்கவில்லை. யுத்தம் தொடங்கியதிலிருந்து சீமையிலிருந்து ஊசிப் பார்சல் வருவது நின்றுபோய், இருந்த ஐந்தாறு ஊசிகளையே கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தான்.

"சிவக்கச் சிவக்கவா சுட்டே?"

"ஆமாங்க. நல்லாப் பழுத்தாத்தானே?"

ஒடிந்தது ஏன் என்று நாலு நாளாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தவனுக்கு அடுப்பங்கரையில் விடை கிடைத்தது. பழுக்கச் சுட்ட எஃகில் உரம் ஏது? முட்டாள், முட்டாள் என்று வாய்க்குள் வந்தது. அவளையா, தன்னையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"பெருமாயி, அன்னிக்கு ஊசி ஒடிஞ்சுபோச்சு. நுனி உங்கண்ணன் பல்லுக்குள்ளதான் கெடக்குது."

இடுக்கி தரையில் விழுந்தது.

"நான் சுட்டதாலீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழைய ஊசி, தேய்ந்த ஊசி என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "சிவக்கச் சுட்டா இரும்பு வீணாப் போயிரும்" என்று அர்த்தநாரி சொல்லிவிட்டான். சொன்ன உடனே, கூடாத நேரத்தில் உண்மையைப் பேசுகிறோமே என்று நொந்துகொண்டான். பேச வேண்டிய நேரத்தில் பேசாததற்கு இது பரிகாரமாகுமா?

பெருமாயி அழவில்லை. அண்ணனுடைய பல் தன் வாயில் வலிப்பதுபோல உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று. அண்ணன் மகள் வசந்தாமணிக்கு அடுத்த வியாழக்கிழமை கல்யாணம். அத்தைக்காரி மணவறைப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்பதற்கு அழைப்பு வேண்டும். இன்றைக்கு வரும்போது வெற்றிலை பாக்கு கொண்டுவருவதாக அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அத எடுக்க முடியுமுங்களா?"

"பாக்கோணும். அயோடின் நாலு நாள்ல அரிச்சுக் கொஞ்சம் தளர்த்தியிருக்கும். புது ஊசில பஞ்சுநூல் சுத்தி உட்டா, உள்ள கெடக்கறதோட முள்ளுல சிக்கும். அப்படியே இழுத்துப் பாக்கலாம்."

"வந்துருச்சுன்னா, அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டியதில்லீங்களே?"

இந்த இடத்தில் அர்த்தநாரி 'சொல்லத்தான் வேண்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும். "மொதல்ல வரட்டும்" என்றான்.

புது ஊசி என்றானே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இருந்தது. மேஜை இழுப்பறையில் முத்திரை உடைக்காத கண்ணாடிக் குழாய்க்குள் ஒரே ஒரு ஊசி இருந்தது. அடுத்த மாசம் வருவதாகச் சொல்லியிருந்த மில் முதலாளிக்காக எடுத்து வைத்தது. வெள்ளிக்கிழமை அந்த முத்திரையை உடைத்திருந்தால் பெருமாயி சொன்னதும் மெய்யாகியிருக்கும், பல்லும் பிழைத்திருக்கும். பெரிய மனிதருக்கென்று பத்திரப்படுத்திச் சொந்த மச்சானுக்குப் பழசைப் போட்டவன், இப்போது அந்த முத்திரையை உடைத்தான்.

*

பஸ் பதினோரு மணிக்கு வர வேண்டியது, பன்னிரண்டரைக்கு வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி; ஆண்டகளூர் மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்களாம். செங்கோடனும் தள்ளியிருக்கிறார். வேஷ்டியெல்லாம் கரி. கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"ஏனுங்க டாக்டரு, வேலைய ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார் நாற்காலியில் உட்கார்ந்தபடி. மாப்பிள்ளை என்று கூப்பிட்டு ஆறு வருஷமாயிற்று. மரியாதையாகத் திட்டுவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

"வலி எப்படிங்க மச்சான்?"

"வலி இல்லீங்க. வீக்கமும் வத்திப்போச்சு. உங்க மருந்து நல்ல மருந்துதான், நான் பொய் சொல்லப்படாது." தங்கை பக்கம் திரும்பினார். "ஏஞ் சாமி, மொகம் வாடிக் கெடக்குது? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"தொண்ட வறண்டு போச்சு, அம்மிணி. மோர் இருந்தா ஒரு டம்ளர் கொண்டா."

பெருமாயி அசையாமல் நின்றாள். காதில் விழுந்தது சரிதானா என்று அர்த்தநாரியைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். சமையலறையில் மோரைக் கடைந்து, உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போடும்போது கண்ணீர் பானைக்குள் விழாமல் இருக்க முகத்தை ஒதுக்கிக்கொண்டாள். ஆறு வருஷமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு டம்ளர் மோர்தான். அது இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

செங்கோடன் டம்ளரை அண்ணாந்து தூக்கி ஊற்றி ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு அதையும் குடித்தார்.

*

அடைத்திருந்த பசையை அர்த்தநாரி கிள்ளி எடுத்தான். உள்ளே வைத்த பஞ்சு துருவேறிக் கறுத்திருந்தது. நல்ல அடையாளம். அயோடின் இரும்பை அரித்திருக்கிறது.

பெருமாயிக்கு எப்போதும் ஒரு வேலை உண்டு. ஜன்னல் வெயிலைக் கைக்கண்ணாடியில் பிடித்து நோயாளியின் வாய்க்குள் திருப்ப வேண்டும். இன்றைக்குக் கண்ணாடி நடுங்கியது. வெயில் பல்லிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து மீசைக்கும் தாவித் தாவி ஓடியது.

"ஆட்டாதே" என்றான் அர்த்தநாரி.

வாயைத் திறந்துவைத்திருந்த செங்கோடன் "ஆ... ஆ..." என்று தங்கைக்குப் பரிந்து ஏதோ சொன்னார்.

காலால் மெஷினை மிதித்து வேரின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தினான். புது ஊசியின் நுனியில் நாலைந்து பஞ்சிழைகளைச் சுற்றினான். உள்ளே விட்டான். அங்கே கண் உதவாது. விரல் நுனிதான் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் இரும்போடு இரும்பு உரசுவது விரலுக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் நுழைத்து, இடமிருந்து வலமாக மெல்லத் திருகினான். பிடித்தது. இழுத்தான். பஞ்சு மட்டும் வந்தது.

மறுபடியும். மறுபடியும் வெறும் பஞ்சு.

மூன்றாம் தடவை அதிகமாகத் திருகிவிட்டானோ என்று பயந்து நிறுத்தினான். இந்த ஊசியும் ஒடிந்தால்? நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. பெருமாயி தன் முந்தானையால் அவன் நெற்றியை ஒற்றினாள். கண்ணாடியை ஆட்டாமலே ஒற்றினாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எத்தனையாவது தடவை என்று யாரும் எண்ணவில்லை. பஞ்சு எதையோ கவ்வியது. அர்த்தநாரி மூச்சை நிறுத்தினான். திருகாமல், ஆட்டாமல், ஊசி போன வழியே நேராக இழுத்தான். பஞ்சு வந்தது. பஞ்சோடு ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு துணுக்கும் வந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அர்த்தநாரி பஞ்சை உள்ளங்கைக்குள் மூடினான்.

செங்கோடன் வாய் கொப்பளித்துவிட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "ஆச்சுங்களா?"

"பெரும்பாலும் ஆச்சுங்க மச்சான். மருந்து வெச்சு அடைக்கோணும். சித்த நேரம் இந்தப் பஞ்சக் கடிச்சுட்டு இருங்க."

"பஞ்சக் கடிச்சுட்டே பேசலாமில்ல? அப்பச் செரி." கீழே வைத்திருந்த மூட்டையை எடுத்தார். "நான் உள்ள போயி வந்த காரியத்தப் பாக்கறேன். கையக் கழுவிட்டு நீங்களும் வந்துருங்க, மாப்ள."

மாப்பிள்ளை என்றார். நடுக்கதவைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

*

அர்த்தநாரி கையைக் கழுவவில்லை. இழுப்பறையிலிருந்து வெள்ளிக்கிழமை ஒடிந்த ஊசியின் பிடியை எடுத்தான். இன்றைக்கு வந்த துணுக்கை அதன் நுனியில் பொருத்தி மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் புது ஊசியை வைத்தான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு.

ஒரு அரிசி நீளம் குறைந்தது.

அயோடின் பாதியில் அரித்திருக்கிறது. வந்தது மேல்பாதி. வேரின் கடைசி நுனியில் இன்னும் ஒரு அரிசி நீளத்துக்கு ஊசி கிடக்கிறது.

உள்ளேயிருந்து செங்கோடனின் குரல் கேட்டது. "தாம்பாளம் இருக்குதா அம்மிணி? பெருசாப் பாத்து எடு." பெருமாயியின் வளையல் சத்தம் கேட்டது. கல்யாணப் பெண்ணுடையதைப்போல அது வீட்டுக்குள் அங்குமிங்கும் ஓடியது.

அடைத்து அனுப்பிவிடலாம். கல்யாணம் முடியும்வரை தாங்கினாலும் தாங்கும். தாங்கவில்லையென்றால் மணவறைக்கு முன்னால் மச்சானுக்கு முகம் வீங்கும், சீழ் வைக்கும். அப்போது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அர்த்தநாரியின் மனசு இத்தனையும் நினைத்தது. நல்லவன்தான், ஆனாலும் நினைத்தது. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் நினைத்தான்.

மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கூடத்தில் தாம்பாளம் நிறைந்திருந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு ரஸ்தாளி, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. செங்கோடன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கிழக்கே பார்த்து நின்றார். எதிரே பெருமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கை நீட்டத் தயாராக நின்றாள்.

"வாங்க மாப்ள, அம்மிணி பக்கத்துல நில்லுங்க." செங்கோடன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நம்ம வசந்தாமணிக்கு அடுத்த வியாழக்கெழம முகூர்த்தம். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு நாள் முந்தியே வந்து—"

"மச்சான், ஒரு நிமிஷமுங்க."

பெருமாயி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை பாக்கி. 'வந்துருங்க' என்று அண்ணன் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அர்த்தநாரி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "வெள்ளிக்கெழம உங்க பல்லுக்குள்ள ஊசி ஒடிஞ்சுபோச்சுங்க. இன்னிக்கு எடுத்தேன். பாதிதான் வந்துருக்குது. மிச்சம் இன்னும் உள்ளதான் இருக்குது."

தாம்பாளம் அப்படியே நின்றது.

"வெள்ளிக்கெழமயே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் மருந்து மாத்த வாங்கன்னீங்களா?"

"ஆமாங்க. என்ற கைத் தப்புதான். அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்ல நாக்கு எழலை."

செங்கோடன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கை தப்பறது எல்லாத்துக்கும் உள்ளதுதான். அத நான் குத்தஞ் சொல்லலீங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "எனக்கு ஒண்ணு வெளங்கலை. புது ஊசி எப்படி ஒடியும்? புதுசுன்னுதானே அம்மிணி சொல்லுச்சு?"

அர்த்தநாரி வாயைத் திறப்பதற்குள் பெருமாயி பேசினாள்.

"புதுசில்லீங்கண்ணா. பழசுதான். எச்சிலுன்னு நீங்க மொகஞ் சுளிப்பீங்கன்னு நாந்தான் அடுப்புல சிவக்கச் சுட்டேன். அதனாலதான் ஒடிஞ்சுச்சு. அவரு மேல தப்பில்லீங்க."

"ஏர்க் கொழுவச் சிவக்கக் காச்சினா எப்படியாவும்னு கொல்லன் பட்டறையில நீயும்தானே பாத்து வளந்தே?"

"அப்ப அது நெனப்புல வரலீங்கண்ணா. உங்க மொகந்தான் நெனப்புல வந்துச்சு."

அந்தப் பதில் செங்கோடனை அடித்துவிட்டது. ஒரு கணம் அவர் கண் தாழ்ந்தது. எச்சப் பொழப்பு என்ற தன் பேச்சு, கேட்ட கேள்வி, குடிக்காமல் போன தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் தங்கையை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. அந்த ஒரு கணம் நீண்டிருந்தால் இந்தக் கதை இதோடு சுபமாக முடிந்திருக்கும். கோபம் முந்திக்கொண்டது.

பத்திரிகையை எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். வெற்றிலையையும் பழத்தையும் துணியில் அள்ளி முடிச்சுப் போட்டார்.

"பரமத்திச் சந்தையில கொறடு வெச்சுட்டு ஒருத்தன் உக்காந்திருக்கறான். படிப்பில்ல, மெஷினில்ல. புடுங்கறேன்னு சொல்லிப் புடுங்கறான். நாளைக்குக் காத்தால அவங்கிட்டப் போய்க்கறேன். பல்லில்லாம நின்னா என்ற புள்ள கல்யாணம் நடக்காதா?" வாசற்படி இறங்கும்போது திரும்பினார். "வாரேனுங்க, டாக்டரு."

*

அர்த்தநாரி வாசலுக்கு ஓடிப் பார்ப்பதற்குள் அவர் தெருமுனை தாண்டிவிட்டார். ஐம்பதை நெருங்குகிறவர் என்று யாரும் சொல்ல முடியாத நடை.

"கொறடு போடக்கூடாது" என்றான் திரும்பி வந்து. "வேரை இன்னிக்கு அகலப்படுத்தியிருக்கறேன். பல்லு வெறும் கூடா நிக்குது. கொறடு போட்டு இழுத்தா நொறுங்கிப் போயிரும். வேரும் ஊசியும் உள்ளயே நின்னு சீழ் வெச்சா, உசுருக்கே ஆபத்து."

பெருமாயி வெறும் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மஞ்சள் கறை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"சித்த நேரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? தட்ட நான் கையில வாங்கின பொறவு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுவதுபோலக் கேட்டாள். அர்த்தநாரி தரையில் உட்கார்ந்தான்.

"நீ வாங்கியிருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன், பெருமாயி. என்னயப் பத்தி எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் புருஷன் பேசிய பேச்சுகளிலேயே மெய்யான பேச்சு இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் ஆறுதல் வரவில்லை. துக்கம்தான் இரட்டிப்பானது. எழுந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

"நானும் வாரேன்" என்றான் அர்த்தநாரி.

"உங்களப் பாத்தா பஸ்ஸ உட்டு எறங்கவே மாட்டாருங்க. நான் போறேன்."

*

அண்ணன் ஊர்ப் பக்கம் போகும் நாமக்கல் பஸ் இன்னும் புறப்படவில்லை. கரி பஸ் நினைத்த நேரத்தில் புறப்படாது. கண்டக்டர் பின்பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். புகை பஸ்ஸையே மூடியிருந்தது. புகைக்குள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போன பெருமாயி, நாலாவது ஜன்னலில் அண்ணனைக் கண்டாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா."

அவர் திரும்பவில்லை.

"அண்ணா, எறங்கி வரச் சொல்லலீங்க. கல்யாணத்துக்குக் கூப்புடவும் வேண்டாம். கொறடு மட்டும் போட உட்ராதீங்க. பல்லு நொறுங்கிப் போயிருமாம். வேரு உள்ளயே நின்னு சீழ் வெச்சா உசுருக்கு ஆகாதாம்."

பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெருமாயிக்கு வெட்கமாக இல்லை. ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தாள். வெயிலில் அது சுட்டது.

"அவரு வந்து மிச்சத்தையும் எடுத்துருவாருங்க. ரெண்டு நாள் பொறுங்க. உங்க ஊட்டுக்கே வந்து எடுத்துக் குடுக்கச் சொல்றேன். இல்லீன்னா மதராசுக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பரமத்திக்கு மட்டும் போகாதீங்கண்ணா."

செங்கோடன் மெல்லத் திரும்பினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கரிப்புகையாலும் இருக்கலாம்.

"நெசமாச் சொல்றியா, அம்மிணி?"

"நெசமுங்கண்ணா. நம்ம அம்மா மேல சத்தியமா நெசம்."

அவர் தங்கையின் முகத்தை உற்றுப் பார்த்தார். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு காவேரிக் கரைக்குப் போனவர், அந்த முகத்தில் எதையோ தேடினார்.

"வெள்ளிக்கெழமயும் இதே மொகந்தான் சாமி வெச்சிருந்தே" என்றார்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் கைப்பிடியை உருவிக்கொண்டு ஓடிவந்து படியில் ஏறினான். பெருமாயி ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே பத்தடி ஓடினாள். பிறகு கை நழுவிவிட்டது.

விடிந்தால் பரமத்தியில் சந்தை.